கழுத்து நிற்கும் வரை

அந்தக் காலத்தில் கடலுக்கும் கண்டல் மரத்துக்கும் பேச்சுவார்த்தை இருந்தது. பேச்சுவார்த்தை என்ன, தினம் சண்டைதான். ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கிற உப்பங்கழியில், சேற்றில் கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டு கண்டல் தன்னந்தனியாக நின்றாள். அவள் வயிற்றில் பிறந்த ஒன்றுகூட அவள் பக்கத்தில் இல்லை.

காய்ப்பதற்கு ஒன்றும் குறைச்சல் கிடையாது. பழுத்ததும் மற்ற மரங்களைப் போல அவளும் உதிர்ப்பாள். சேற்றில் விழுந்த விதை வேர் விடுவதற்குள் தண்ணீர் ஏறி வந்து வாரிக்கொண்டு போய்விடும். திருப்பிக் கொடு என்று கெஞ்சினால், தன் மடியில் விழுந்ததெல்லாம் தனக்குத்தான் என்று கடல் அடம்பிடிக்கும். கரைமேல் நின்ற பூவரசு வேறு, உதிர்ப்பதோடு நம் வேலை முடிந்தது, இதற்குப் போய் யாராவது அழுவார்களா என்று நியாயம் பேசும். அதற்கென்ன, அது நிற்பது மேட்டில்!

அந்தச் சேற்றில் நண்டு பிடிக்க வருகிறவள் காத்தாயி. அவள் மகள் அஞ்சலை தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து பெண்குழந்தை பெற்றிருந்தாள். தீட்டுக் கழிந்த கையோடு மருமகன் தோணி போட்டுக்கொண்டு வந்து கண்டலின் நிழலில் நிறுத்திவிட்டான். பாவம், பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள அவனுக்கும் ஆசை இருக்காதா? ஆனால் காத்தாயி மசியவில்லை.

"கழுத்து நிக்காத புள்ளையத் தண்ணியில தூக்கிட்டுப் போக விடமாட்டேன் மாப்ள. கழுத்து நிக்கட்டும், நானே கொண்டாந்து தோணியில ஏத்தி விடறேன்."

அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தனியாகவே திரும்பிப் போனான்.

கண்டலுக்குச் சுரீரென்றது. கழுத்து நிற்காத பிள்ளைகளையா இத்தனை காலமும் தண்ணீரில் போட்டோம் என்று நினைத்து நினைத்து அழுதாள். அந்த வருஷமும் காய் பழுத்தது. காற்று வந்து உலுக்கியது. கடல் ஏறி வந்து கீழே காத்துக்கொண்டிருந்தது. கண்டல் காம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை. பழுத்ததைப் பிடித்து வைத்தால் அது தாயையே உறிஞ்சிவிடும் என்று பூவரசு பதறியது.

"உறிஞ்சட்டும்," என்றாள் கண்டல்.

சொன்னபடியே உறிஞ்சியது. அவள் இலைகள் மஞ்சளாகிக் கொட்டின. ஆனால் பழத்துக்குள் கிடந்த விதை அங்கேயே கண்விழித்தது. தோலைப் பிளந்துகொண்டு பச்சைக் கால் நீட்டி, முருங்கைக்காய் போல வளர்ந்து தொங்கியது. காற்றடித்தால் அவள்மேல் வந்து செல்லமாக இடிக்கும். கண்டல் பூரித்துப் போனாள். பூரித்தவளுக்குக் கொஞ்சம் பேராசையும் வந்தது. இனி எதற்காக விடவேண்டும்? கால் நன்றாக நீண்டு, கூர்நுனி சேற்றுக்கு ஏங்கிய பிறகும் அவள் பிடியைத் தளர்த்தவில்லை. பிள்ளை மெல்ல மெல்ல வாடத் தொடங்கியது.

அப்போதுதான் ஒரு நாள் காத்தாயி குழந்தையைத் தூக்கிக்கொண்டு மகளோடு வந்தாள். தோணி தயாராக நின்றது. குழந்தை அவள் தோளில் தலையை நிமிர்த்திக்கொண்டு நாலு பக்கமும் வேடிக்கை பார்த்தது. காத்தாயி அதன் உச்சியை முகர்ந்தாள். மனசு கேட்காமல் இன்னொரு தடவை முகர்ந்தாள். பிறகு மகள் மடியில் வைத்துவிட்டாள். தோணி கண்ணுக்கு மறைந்ததும் கண்டலைக் கட்டிக்கொண்டு விம்மினாள்.

"இவ்ளோ அழுவறவ ஏன் அனுப்பின?" என்று கேட்டாள் கண்டல்.

"கழுத்து நின்னுடுச்சே, தாயி. அதுக்கப்புறமும் நானே தூக்கி வெச்சிருந்தா, அது எப்ப தரையில நிக்கிறது?"

கண்டல் தன் பிள்ளையைப் பார்த்தாள். அதன் பச்சை மங்கியிருந்தது. தண்ணீர் வற்றிச் சேறு தெரிகிற நேரம் பார்த்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, விட்டாள்.

பிள்ளை நேராக இறங்கிச் சேற்றில் குத்தி நின்றது. தண்ணீர் ஏறி வந்தது. ஆட்டிப் பார்த்தது, தள்ளிப் பார்த்தது, பிறகு சலித்துப்போய்த் திரும்பிப் போனது. கண்டல் கண்ணைத் திறந்தபோது அவள் காலடியில் அது தலை நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது.

அன்றைக்குத் தொட்ட பழக்கம்தான். ஊரில் உள்ள மரமெல்லாம் விதையை உதிர்க்கும். கண்டல் மட்டும் இன்றுவரை, கழுத்து நின்ற பிள்ளையைத்தான் மண்ணுக்குக் கொடுக்கிறது.