மூன்று பெட்டிகள் காணாத வெளிச்சம்

"டீச்சர், இந்த வேலை எனக்கு வேண்டாம். வேற யாருக்காவது குடுத்துடுங்க" என்றார் அங்கமுத்து.

ரோசலின் டீச்சர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க, அண்ணே."

"போன வாரம் கோபத்துல சொன்னேன். இப்ப யோசிச்சுச் சொல்றேன்."

அங்கமுத்துவுக்கு வயது ஐம்பத்து மூன்று. தொலைபேசித் துறையில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வானத்தைப் படிக்க வந்தவர். டீச்சர் அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். முதல் நாளே அவர் "டீச்சர்" என்றார், இவர் "அண்ணே" என்றார். பிறகு இருவருமே அதை மாற்றிக்கொள்ளவில்லை.

வானத்தில் எங்கோ செத்த நட்சத்திரங்கள் இரண்டு மோதிக்கொண்டால், காமாக் கதிர்கள் வெடித்துக் கிளம்பும். கண் சிமிட்டி முடிப்பதற்குள் அடங்கியும் போகும். அதைப் பிடிக்கவென்றே ஒரு விண்கலம் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் எட்டுத் திசைக்கும் எட்டு உணரிகள். ஆய்வுக்கூடத்தில் அவற்றைப் பெட்டி என்பார்கள்.

பெட்டிகள் எதையாவது பார்த்தால், அது வெடிப்பா வெறும் சலசலப்பா என்று முடிவு செய்வது அங்கமுத்துவின் பொறுப்பு. வெடிப்பென்றால் வடக்கே பனிமலையில் இருக்கும் தொலைநோக்கிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் அந்தத் திசையில் திரும்பி, வெடிப்பு விட்டுச் சென்ற மங்கலான ஒளியைத் தேடுவார்கள். ஓரிரு இரவுகளில் அதுவும் மறைந்துவிடும்.

மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் அங்கே இருட்டுதான் இருந்தது.

மூன்றாம் முறை, பனிமலையிலிருந்து சந்தானகோபாலன் கூப்பிட்டார்.

"என்ன சார், உங்க ஊர்ல மட்டும் வருஷம் பூரா தீபாவளியா?"

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, நீங்க கூப்பிட்டாலும் நாங்க திரும்ப மாட்டோம்."

அதை டீச்சரும் அறிவார்.

"இன்னைக்கு என்ன வந்திருக்கு?" என்று கேட்டார்.

"மத்தியானம் ஒண்ணு. அரை வினாடிகூட இல்ல. அஞ்சு பெட்டிதான் பார்த்திருக்கு. மூணு ஒண்ணுமே பார்க்கல."

"அஞ்சும் ஒரே மாதிரி பார்த்துச்சா?"

"எங்க? ஒண்ணு பளிச்சுங்குது, ரெண்டு சுமாரு, மத்தது மினுக்குது. ஒண்ணுக்கொண்ணு ஒத்து வரல."

"முன்னாடி தப்பாப் போன மூணும்?"

"அதுல எட்டும் பார்த்துச்சு, டீச்சர். எட்டும் சமமாப் பார்த்துச்சு. எட்டுப் பேரு ஒத்த குரல்ல சொன்னதே பொய்யாப் போச்சு. இந்த அஞ்சு சொல்றத நான் எப்படி நம்புவேன்?"

சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆறு மணிக்குள்ள சொன்னாத்தான் இன்னைக்கு ராத்திரி திரும்புவாங்க. சொல்லித் தப்பாப் போனா, இனிமே நம்ம பேச்சை ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. சொல்லாம விட்டு, அது நிஜமா இருந்துட்டா..."



டீச்சர் எழுந்தார்.

"டீ குடிக்கலாம், வாங்க."

"இப்பவா?"

"மணி நாலேகால்தான் ஆகுது."

ஆய்வுக்கூடத்தை ஒட்டியிருந்த உணவகம் காஜா பாயுடையது. டீச்சர் மேசைப் பக்கம் போகாமல் அங்கமுத்துவை நேரே அடுக்களைக்குள் அழைத்துப் போனார். மூன்று அடுப்பு எரிந்தது. ஒன்றில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. ஆவி கூரையை மூடியிருந்தது.

"கண்ண மூடுங்க, அண்ணே."

மூடினார். டீச்சர் அவர் தோளைப் பிடித்து, கண்ணாமூச்சியில் பிள்ளைகளைச் சுற்றிவிடுவதுபோல் சுற்றிவிட்டார்.

"ஐயையோ, சார எண்ணெயில தள்ளிடாதீங்கம்மா!" என்றார் காஜா பாய். "அப்புறம் எந்த மாவுல முக்கினேன்னு கேப்பாங்க!"

"அடுப்பு எந்தப் பக்கம்?" என்று கேட்டார் டீச்சர்.

அங்கமுத்து கையைத் தூக்கினார். இறக்கினார்.

"தெரியல டீச்சர். எல்லாப் பக்கமும் எரியுது."

"எத்தனை கன்னம் சுடுது?"

"ரெண்டும்தான். பிடரியும் சுடுது."

"திறக்காதீங்க."

கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார். வாசல் மண்ணில் நிறுத்தி, மறுபடி சுற்றிவிட்டார். கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் தம்ளரை வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

"சூரியன் எந்தப் பக்கம்?"

கை தயங்கவில்லை. நேரே நீண்டது.

"சார், அப்படியே வடை எந்தப் பக்கம்னும் காட்டுங்க!" என்று ஒருவர் கத்தினார்.

"எப்படிச் சொன்னீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"இந்தக் கன்னம் சுடுதே."

"அந்தக் கன்னம்?"

"அது சும்மா இருக்கு. அது ஒண்ணும்..."

 கண்ணைத் திறக்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. மற்றக் கையை மெல்ல உயர்த்தி, சுடாத கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

பிறகு ஓடினார். ஒரு செருப்பு வாசலிலேயே கிடந்தது.

"டீ?" என்று கேட்டார் காஜா பாய்.

"மூடி வைங்க பாய், வந்துடுவாரு" என்றார் டீச்சர். குனிந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அவர் அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கமுத்து தொலைபேசியில் இருந்தார். மறுமுனையில் சந்தானகோபாலனின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"மறுபடியும் தீபாவளியா சார்? எத்தனை பெட்டி பார்த்துச்சு?"

"அஞ்சு."

"அஞ்சுதானா? மிச்சம் மூணு?"

அங்கமுத்து டீச்சரைப் பார்த்தார். டீச்சர் செருப்பை அவர் காலடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"மூணும் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிற பெட்டி, ஒண்ணுமே பார்க்கல சார். அதனாலதான் தைரியமாக் கூப்பிடுறேன்."