டர்போ இல்லாத காருக்கு ஒரு டைமர்

கடையத்துக்கு மேற்கே, மலை தொடங்குகிற இடத்தில், அரசியம்மாவின் ஆசிரமம் இருக்கிறது. ஆசிரமம் என்றதும் யானையும் பளிங்கு மண்டபமும் உங்கள் நினைவுக்கு வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. ஓடு போட்ட இரண்டு கட்டடம், ஒரு கிணறு, நாலைந்து கொய்யா மரம், ஒரு பழைய பெட்ரோல் கார். அவ்வளவுதான்.

காலையிலும் மாலையிலும் அங்கே எல்லோரும் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். பேச்சு கூடாது. இருமல் வந்தால்கூட துண்டால் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருமுவார்கள். அந்த விதிக்குக் கட்டுப்படாதது அந்தக் கார் மட்டும்தான்.

காரை ஓட்டுகிறவர் கோமதிநாயகம். அரசியம்மாவின் சீடர். சந்தைக்குப் போய்விட்டு வருவார். கொய்யா மரத்தடியில் வண்டியை நிறுத்துவார். சாவியை உருவிச் சட்டைப்பையில் போடுவார். இன்ஜின் நிற்காது. சாவி இல்லாமலே குடுகுடுவென்று ஓடிக்கொண்டிருக்கும். கோமதிநாயகமும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளேயே இருப்பார். பிறகு அது தானாக ஒரு உதறு உதறிவிட்டு அடங்கும். அதற்கப்புறம்தான் இறங்குவார்.

முதல் தடவை இதைப் பார்த்த வெளியூர்க்காரர் ஒருவர், வண்டியில் ஏதோ இறங்கியிருக்கிறது என்று பயந்துபோய்த் திருநீறு கேட்டார்.

பேயும் இல்லை, பிசாசும் இல்லை. அது ஒரு டைமர்.

ஆசிரமத்துக்கு வருமுன் கோமதிநாயகம் சொந்தமாக டூரிஸ்ட் வேன் ஓட்டினார். இன்ஜினுக்குக் கூடுதல் இழுவை தரும் டர்போ வைத்த டீசல் வண்டி. மலைப்பாதையில் ஏறி இறங்கி வந்தால் அந்த டர்போ அனலாகக் காய்ந்திருக்கும். வந்ததும் வராததுமாக இன்ஜினை அணைத்தால், எண்ணெய் ஓட்டம் நின்று, டர்போ தன் சூட்டிலேயே கெட்டுப்போகும். அதனால் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டுத்தான் அணைக்க வேண்டும். அதைத் தானாகச் செய்வதற்கு ஒரு டைமர் மாட்டியிருந்தார். வேனை விற்றபோது அதை மட்டும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. கழற்றி எடுத்துவந்து ஆசிரமத்துக் காரில் மாட்டிவிட்டார்.

அந்தக் காரில் டர்போ கிடையாது.

பெட்ரோல் வீணாகிறது, தியானம் கெடுகிறது என்று மற்றவர்கள் அரசியம்மாவிடம் முறையிட்டார்கள். அவர் ஒருநாள் காரின் ஜன்னல் அருகே போய் நின்றார்.

"அண்ணாச்சி, வண்டி ஏன் நிக்கல?"

"சூடு ஆறட்டும்னு விட்டிருக்கேம்மா."

"சரி."

போய்விட்டார். முறையிட்டவர்களுக்கு ஏமாற்றம்தான்.

சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. குருவுக்கு நாற்பதை ஒட்டிய வயது. இவர் அவரை அம்மா என்பார், அவர் இவரை அண்ணாச்சி என்பார். அதில் இருவருக்கும் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

ஆறட்டும் என்பது கோமதிநாயகத்தின் நாக்கிலேயே குடியிருந்த சொல். பால் ஆறட்டும். புண் ஆறட்டும். விஷயத்தைக் கொஞ்சம் ஆறப்போடுவோம். மனைவி உலகம்மாள் கோபித்துக்கொண்டு அம்பாசமுத்திரத்தில் அவளுடைய அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டபோதும் அதையே சொன்னார். கோபம் ஆறட்டும், போய்க் கூட்டிட்டு வாரேன்.

அது ஆடி மாதம். அந்த அண்ணன் வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து. பந்தியில் யாரோ கேட்டார்கள், நல்லா ஓடிக்கிட்டிருந்த வேனை ஏன் வித்தீங்க என்று. நல்ல விலை வந்தது, தள்ளிவிட்டேன் என்று கோமதிநாயகம் மீசையைத் தடவினார். ரசவாளியோடு பின்னால் வந்த உலகம்மாள், "அட, அவருக்கு இப்பம் ராத்திரியில கண்ணு தெரிய மாட்டேங்கு" என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டாள்.

டிரைவரைப் போய்க் கண் தெரியவில்லை என்று, அதுவும் பந்தியில் வைத்துச் சொல்லலாமா? கோமதிநாயகத்துக்கு ஜிவ்வென்று ஏறிவிட்டது. "ஒன்கிட்ட எவன் கேட்டான்? வாயை மூடிக்கிட்டுப் போ" என்று கத்தினார். மேளக்காரர்கள்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். உலகம்மாள் வாளியைக் கீழே வைத்தாள். அப்படியே உள்ளே போனவள்தான், அவரோடு வீடு திரும்பவில்லை.

கோமதிநாயகம் தனியாக ஊருக்கு வந்தார். பூட்டிய வீட்டில் இருக்கப் பிடிக்காமல் ஆசிரமத்திலேயே தங்கிவிட்டார். ஆடி போய் ஐப்பசியும் வந்துவிட்டது. அவருக்கு இன்னும் ஆறியபாடில்லை.

அன்று மத்தியானம் மச்சான் போனில் கூப்பிட்டார்.

"மாப்ளே, ஒங்க மக கௌசல்யா வந்திருக்கா. அம்மாவைத் தன்னோடயே பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போறாளாம். சாயங்காலம் பஸ்ஸு."

"எத்தனை நாளைக்கு?"

"எத்தனை நாளா? அங்கயே இருக்கட்டும்ங்கா. ஒங்க வீட்டுச் சாமானையும் பெறகு வந்து எடுத்துக்கிடுவாளாம். நீங்க பெத்த பிள்ளைதானே, ஒங்க பிடிவாதம் இருக்கத்தான செய்யும். பெறகு ஒரு வார்த்தை சொல்லலையேன்னு என்னையக் குத்தம் சொல்லாதீங்க."

கோமதிநாயகம் போனைப் பையில் வைத்தார். அரசியம்மா கிணற்றடியில் அரிசி களைந்துகொண்டிருந்தார். அங்கே போய் நின்றார்.

"அம்மா, ஒரு கேள்வி."

"கேளுங்க."

"மனுசனுக்குக் கோபம் ஆற எவ்வளவு நாளாகும்?"

அரசியம்மா சேலை முந்தியில் கையைத் துடைத்தார். அவர் முகத்தைப் பார்த்தார். போனில் யார், என்ன செய்தி என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"வண்டியை எடுங்க. அம்பாசமுத்திரம் வரைக்கும் போவோம்."

"கேள்விக்குப் பதில் சொல்லலையேம்மா."

"போற வழியில சொல்லுதேன்."

போகிற வழியில் அவர் வாயே திறக்கவில்லை. வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள், அதையே பார்த்துக்கொண்டு வந்தார். ஆழ்வார்குறிச்சி தாண்டியதும், "ஒரு டீ குடிப்போம், அண்ணாச்சி" என்றார்.

கோமதிநாயகம் கடையோரம் வண்டியை நிறுத்திச் சாவியை உருவினார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அரசியம்மா இறங்கிப்போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து ஊதி ஊதிக் குடித்தார். கடைக்காரர் இன்னொரு கிளாஸைக் கொண்டுபோய்ப் பெஞ்சின் மறுமுனையில் வைத்தார். கோமதிநாயகம் காருக்குள்ளேயே இருந்தார். ஒருவழியாக இன்ஜின் அடங்கி, அவர் இறங்கி வந்தபோது டீயில் ஆடை படிந்திருந்தது.

"ஆறிப்போச்சே, வேற போடவா அண்ணாச்சி?" என்றார் கடைக்காரர்.

"இருக்கட்டும், இருக்கட்டும்."

மடமடவென்று குடித்து முகத்தைச் சுளித்தார். அரசியம்மா எழுந்து காரின் முன்பக்கம் வந்தார்.

"இதைத் தெறங்க."

கோமதிநாயகம் பானெட்டைத் தூக்கினார்.

"டர்போங்கீங்களே, அது எப்படி இருக்கும்? எனக்குக் காட்டுங்க."

"இதுல இல்லம்மா."

"நல்லாத் தேடுங்க."

"தேட வேண்டாம்மா. வேனுல இருந்துச்சு. இது சாதா இன்ஜின்."

"இந்த இன்ஜினை உடனே நிப்பாட்டுனா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. சந்தைக்குப் போய்ட்டு வாற வண்டிக்கு என்ன ஆகப்போவுது."

"அப்பம் எது ஆறுறதுக்கு இது ஓடுது?"

கோமதிநாயகம் உள்ளே குனிந்து பார்த்தார். பேட்டரியைப் பார்த்தார், ரேடியேட்டரைப் பார்த்தார், ஒயர்களைப் பார்த்தார். தெரிந்த சாமான்கள்தான் எல்லாம். பானெட்டை மெதுவாக இறக்கி அழுத்தினார்.

"பழக்கம்மா. இந்த வண்டிக்கு இது தண்டம்தான். திரும்பிப் போனதும் டைமரைக் கழட்டிருதேன்."

"அவசரப்படாதீங்க" என்றார் அரசியம்மா.

மறுபடி வண்டி கிளம்பியது. கொஞ்ச தூரம் போனபின் கோமதிநாயகம் தானாகவே பேசினார்.

"அம்மா, உள்ளதைச் சொல்லிருதேன். என் கோபம் அன்னைக்கே போயிட்டு. பந்தியை விட்டு எந்திரிச்சுக் கை கழுவும்போதே போயிட்டு."

"பெறகு?"

"அவ கோபம் ஆறணும்லா? அதுக்குத்தான் இருந்தேன்."

அரசியம்மா சிரித்துவிட்டார். ஆசிரமத்தில் அப்படிச் சிரித்து யாரும் கேட்டதில்லை.

"சிரிக்காதீங்கம்மா."

"அவங்க இன்ஜினுக்கு நீங்க எப்படி அண்ணாச்சி டைமர் மாட்டுனீங்க?"

கோமதிநாயகத்துக்கும் உதடு துடித்தது. சிரிப்பா அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை. அவருக்குப் பயமாக இருந்தது, உண்மை அதுதான். போய் நின்று, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? கௌசல்யா கதவைச் சாத்திவிட்டால்? போகாமல் இருக்கிறவரைக்கும் அப்படி எதுவும் நடக்காது. போகாமல் இருந்தால் இன்று சாயங்காலத்தோடு எல்லாம் முடிந்தும் போகும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு வண்டியை உருட்டினார். பின்னால் வந்த பால் வண்டிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டு முந்திப் போனான்.

மச்சான் வீட்டுத் தெருவில் திரும்பியதுமே கண்ணில் பட்டது. வாசலில் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. கௌசல்யா பெட்டியைப் பின்சீட்டில் திணித்துக்கொண்டிருந்தாள். படியில் உலகம்மாள், கையில் ஒரு துணிப்பை.

எதிர்ச்சாரியில் வேப்பமர நிழலில் கோமதிநாயகம் காரை நிறுத்தினார். சாவியை உருவினார். இன்ஜின் ஓடியது.

சத்தம் கேட்டு உலகம்மாள் நிமிர்ந்தாள். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். கௌசல்யாவும் பார்த்தாள்.

கோமதிநாயகம் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தார்.

"ஒரு நிமிசம் இருங்கம்மா. இது நின்னுரட்டும்."

அரசியம்மா பக்கத்து சீட்டில் அசையாமல் இருந்தார்.

"இந்த டைமரை எதுக்கு அண்ணாச்சி கண்டுபிடிச்சாங்க?"

"சூடு ஆறத்தாம்மா."

"சூடு ஆற இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டாப் போதும்லா. டிரைவரே உள்ள இருந்து பாத்துக்கிடலாம். டைமர் எதுக்கு?"

இதென்ன கேள்வி என்பதுபோல் கோமதிநாயகம் திரும்பினார். "டிரைவர் உள்ள இருக்க வேண்டாம்னுதாம்மா. சாவியை எடுத்துக்கிட்டு அவன் பாட்டுக்கு..."

பாதியில் நின்றுவிட்டார்.

"அவன் பாட்டுக்கு?"

"இறங்கிப் போயிரலாம்."

"வேனுல அப்படிப் போனீங்களா?"

கோமதிநாயகம் யோசித்தார். எத்தனை வருஷம். "வேனுலயும் நின்ன பெறகுதாம்மா இறங்குவேன்."

ஆட்டோக்காரர் ஸ்டார்ட் செய்தார். கௌசல்யா ஏறி உட்கார்ந்து, "அம்மா, நேரமாவுது" என்று கூப்பிட்டாள். உலகம்மாள் ஆட்டோவைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். துணிப்பையைப் படியில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"பாத்தீங்களாம்மா, மூஞ்சி எப்படிக் கடுகடுன்னு இருக்குன்னு."

"பாத்தேன்."

"அவளுக்கு இன்னும் ஆறலையே."

கார் அவர்களை லேசாக உலுக்கியபடி ஓடிக்கொண்டிருந்தது.

"அது பாட்டுக்கு ஆறும், அண்ணாச்சி. நீங்க இறங்குங்க."