எருமைக்கு வேர் கண்ட புலவர்

முன்னொரு காலத்தில் கருங்குள நாட்டை மருகவேள் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்ட நேரத்தைவிட வெற்றிலை மென்ற நேரமே அதிகம். வெற்றிலையை வாயில் போட்டதும் ஒரு சொல்லைச் சொல்வான்; சாற்றைப் படிக்கத்தில் துப்புவதற்குள் அந்தச் சொல் பிறந்த கதையை அவைப்புலவர் சொல்லியாக வேண்டும். "தெரியாது" என்பவருக்கு அன்றோடு மானியம் போய்விடும். ஆகவே சிகாமணிப் புலவருக்குத் தெரியாத சொல்லே கிடையாது.

ஒருநாள் ராஜாவின் பல்லக்குக்கு எதிரே மூன்று எருமைகள் வழிமறித்து நின்றன. ஓட்டிவந்த மூக்காயி, "நகரு எருமே!" என்று அதட்டினாள்.

ராஜா வெற்றிலையை மடித்துப் போட்டான். "எருமை! சொல்லும், புலவரே."

மூன்றும் கறவை எருமைகள். புலவருக்கு அவற்றின் மடிமேல் கண்.

"முன்பு எருமன் என்றொரு மந்தபுத்தி அரசன் இருந்தான், மகாராஜா. அவன் பெயரைத்தான் பின்னால் விலங்குக்கு வைத்தார்கள். ஆதிச்சுவடி, ஒன்பதாம் ஏடு. ஆக, இவள் திட்டியது விலங்கை அல்ல, தங்களை!"

ராஜா துப்பினான். எருமைகள் அரண்மனைப் பட்டியில் அடைபட்டன. மறுநாள் அவையில் தீர்ப்பு. குற்றம் உறுதியானால் மூன்றும் புலவர் வீட்டுத் தொழுவத்துக்கு.

"எருமையை எருமைன்னு சொல்லாம மயிலுன்னா சொல்லுவேன்?" என்று அவையில் கேட்டாள் மூக்காயி. "காலையில கறக்கல சாமி. மடி கல்லாக் கெடக்கு. அதுங்க பாலை வித்துத்தான் எங்க வீட்ல அடுப்பெரியுது."

"சுவடியையே மறுக்கிறாள்!" என்றார் புலவர்.

அமைச்சர் தாண்டவராயர் எழுந்தார். மூடிய கூடை ஒன்றைக் கொண்டுவந்து வைக்கச் செய்தார். "தீர்ப்புக்கு முன் ஒரு வெற்றிலை, மகாராஜா. மலையிலிருந்து துமிலி ஒன்று வந்திருக்கிறது. அதற்கு ஏன் அந்தப் பெயர்?"

ராஜா வெற்றிலையை மெல்லத் தொடங்கினான். புலவர் படிக்கத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"துமி என்றால் மழைத்துளி. தூறல் போடும்போது மட்டுமே குட்டி போடும், அதனால் துமிலி. அதே சுவடி, பத்தாம் ஏடு!"

"அதன் தோல் என் வீட்டில் இருக்கிறது" என்றார் தளபதி.

"கறிதான் கொஞ்சம் கசக்கும்" என்றார் பக்கத்திலிருந்த பிரபு.

ராஜா பின்தங்குவானா? "நாமே இரண்டை வேட்டையாடியிருக்கிறோம்."

தாண்டவராயர் கூடையைத் திறந்து கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை.

"காலையில் சவரம் செய்துகொண்டபோது நானே இட்டுக்கட்டிய பெயர், மகாராஜா. அது பத்தாம் ஏட்டுக்குப் போன வழியில்தான் எருமனும் ஒன்பதாம் ஏட்டுக்குப் போயிருப்பான்."

ராஜா சாற்றை விழுங்கிவிட்டான். அவையைச் சுற்றிப் பார்த்தான். யாரும் சிரிப்பதற்குள் தானே சிரித்தான். பிறகு அவை சிரித்தது. தளபதிதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

"நாம் வேட்டையாடியது வேறு ஏதோ, தாண்டவராயரே."

"அப்படித்தான் இருக்கும், மகாராஜா."

ராஜா தன் சால்வையை எடுத்து அமைச்சருக்குப் போர்த்தினான். "எருமைகளை அவிழ்த்து விடுங்கள். தளபதி, அந்தத் தோல் நாளைக் காலை இங்கே வந்தாக வேண்டும். புலவரே, காட்டுக்குப் போம். துமிலி இல்லாமல் இந்த வாசலை மிதிக்காதீர்."

தலைகுனிந்து வெளியே வந்த புலவருக்கு எருமைகளோடு எதிர்ப்பட்டாள் மூக்காயி.

"கெடைச்சா ஓட்டிட்டு வாங்க சாமி" என்றாள். "இதுங்களோட சேத்து மேய்ச்சு விடுறேன்."