நிறைந்திருந்த சொம்பு

காவிரிக்கரை மடத்து வைத்தியசாலையில் பழனியாண்டி கீழே விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து, மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார். ஊரையே பரிசலில் அக்கரை சேர்த்த மனிதர், கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவில், பட்டப்பகலில் விழுந்தார்.

அவரைப் பார்த்துக்கொண்டவன் திருமேனி. நாற்பது வயதுச் சீடன், பம்பரமாய்ச் சுழல்வான். வேலையில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. வாய்தான் கொஞ்சம் முந்தும்.

எரித்துவிட்டு வந்த மறுநாள் காலை குருவின் முன் போய் நின்றான்.

“கட்டிலுக்கு இருபுறமும் தடுப்புச் சட்டம் அடித்தேன் சுவாமி. தரையில் சொட்டு ஈரம் விடவில்லை. தலைமாட்டில் மணி கட்டினேன். எழ வேண்டுமானால் அடியுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன்.”

“அடித்தாரா?”

“இங்கே வந்த முதல் இரண்டு நாள் அடித்தார். அப்புறம் அடிக்கவே இல்லை. வீம்பு பிடித்த மனிதர்.”

“தண்ணீர்?”

“அதில் குறையே வைக்கவில்லை. எப்போது பார்த்தாலும் சொம்பு நிறைந்தே இருக்கும். நாளைக்கு அந்தக் கட்டிலுக்கு இன்னொருவர் வருகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. இன்னும் நான் என்னதான் செய்ய வேண்டும்?”

குரு எழுந்தார். காலியாய்க் கிடந்த அந்தக் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டார்.

“இன்றைக்கு நான் நோயாளி. தனியாக எழ முடியாது.”

சற்று நேரத்தில் மணி அடித்தது. திருமேனி ஓடினான். தோள் கொடுத்துக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய் வந்தான்.

அரை மணி நேரம் போயிருக்கும். மறுபடி மணி. மறுபடி ஓடினான்.

மூன்றாம் முறை அடித்தபோது அவன் மருந்து அரைத்துக்கொண்டிருந்தான். கையெல்லாம் விழுது. படுத்திருப்பது குருவானால் என்ன, பழகின வாய் சும்மா இருக்குமா?

“இப்போதுதானே போய்வந்தீர்கள்?”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பாவம். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

“ஆமாமப்பா. உனக்குத்தான் எத்தனை வேலை” என்று குரு திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதற்குப்பின் மணி அடிக்கவில்லை. திருமேனிக்கும் நிம்மதியாக இருந்தது. மருந்தை அரைத்து முடித்தான், வழித்து வைத்தான், இரண்டு பேருக்குக் கட்டுப் போட்டான்.

உச்சிவேளை தாண்டி, வெயில் கூடத்துக்குள் வந்த பிறகுதான் அவனுக்கு என்னவோ போலிருந்தது. போய்ப் பார்த்தான். குருவின் உதடு காய்ந்திருந்தது. தலைமாட்டில் சொம்பு, காலையில் வைத்தது வைத்தபடி, விளிம்புவரை இருந்தது.

“தண்ணீர் குடிக்கவில்லையா சுவாமி?”

“குடித்தால் உன்னைக் கூப்பிட வேண்டுமே அப்பா.”