வால்வெள்ளியின் பகலும் இரவும்

“பகலைச் சரி செஞ்சா ராத்திரி கெட்டுப்போகுது மேடம். ராத்திரியைச் சரி செஞ்சா பகல் கெட்டுப்போகுது.”

லேப்டாப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே சொன்னார் தணிகைவேல். வயது ஐம்பதைத் தாண்டியவர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கால்களைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்திருந்தார்.

அவர் படித்த கல்லூரியில், ஜெபசீலி மேடத்தின் கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைய அந்தக் காலத்தில் அதுதான் சட்டம். இது மேடத்தின் வீடு. அந்த அறையை இடித்துப் பல வருடமாகிறது.

கால்களுக்கு அது தெரியவில்லை.

“முதல்ல உட்காரு. யாருக்குப் பகல், யாருக்கு ராத்திரி?”

“வால்வெள்ளிக்கு.”

“அது நல்லாத்தான் இருக்கும். உனக்கு என்ன?”

சொன்னார்.

விண்கலம் ஒன்று அந்த வால்வெள்ளியை ஒரே ஒருமுறை நெருங்கிக் கடக்கப்போகிறது. மேற்பரப்பு எவ்வளவு சூடாக இருக்கும் என்று மென்பொருளில் கணக்கிட்டுச் சொல்வது தணிகைவேலின் வேலை. அவர் சொல்வதை வைத்துத்தான் வெப்பக் கேமராவை அமைப்பார்கள். அவர் கணக்கு தப்பானால் படம் முழுக்க வெறும் வெள்ளை. வால்வெள்ளி திரும்பி வர எழுபது ஆண்டுகள்.

நாளைக் காலையில் சொல்லியாக வேண்டும்.

விண்கலம் தூரத்திலிருந்தே அளந்து அனுப்பியது அவர் கணக்கோடு ஒட்டவில்லை. பகல் பக்கம் அவர் சொன்னதைவிடச் சூடு. இரவுப் பக்கம் அவர் சொன்னதைவிடக் குளிர்.

“என்னென்ன மாத்திப் பார்த்தே?”

“எல்லாத்தையும். எவ்வளவு கறுப்பு, எவ்வளவு கரடுமுரடு, எவ்வளவு வேகமா சுத்துது...”

“எல்லாத்தையுமா?”

தணிகைவேல் லேப்டாப்பைத் திறந்தார். மேடம் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். அவர் விரல் திரையில் கட்டம் கட்டமாக இறங்கி ஒரு கட்டத்தில் நின்றது. வெயிலின் சூட்டை அந்தத் தரை எவ்வளவு பிடித்துவைத்துக்கொள்ளும் என்று சொல்கிற எண்.

“இதை?”

“அது நீங்க போட்டது மேடம்.”

“எப்போ?”

“இந்தக் கணக்கை முதல் தடவை கம்ப்யூட்டர்ல ஓட்டினப்போ. பச்சை எழுத்துத் திரை. வெளியே வேலூரே வெந்துக்கிட்டிருக்கு, நீங்க உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க. காலேஜ்லயே நமக்குத்தான் ஏசி.”

“ஏசி கம்ப்யூட்டருக்கு. நமக்கில்லை.”

“ஒரு தடவை ஓட்டினா சாயங்காலம் ஆயிடும். சாத்துக்குடி உரிச்சுக் கொடுப்பீங்க. கீபோர்டுல சாறு பட்டுடும்னு வராந்தாவுக்குத் துரத்துவீங்க.”

“கையைத் துடைச்சியான்னு கேட்டா, துடைக்காமயே தலையாட்டுவே.”

தணிகைவேல் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

இப்போது அதே கணக்கு கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடுகிறது. அந்தச் சாயங்காலங்களை என்ன செய்தோம் என்று அவர் பலமுறை யோசித்திருக்கிறார். அந்த எண்ணை மட்டும் ஏன் தொடவில்லை? மரியாதையா? தொட்டால் அந்த அறையும் போய்விடும் என்ற பயமா?

மேடம் எழுந்தார்.

“மாடிக்கு வா.”

சூரியன் அப்போதுதான் மறைந்திருந்தது. மொட்டை மாடியில் செடித் தொட்டிகள். அவற்றுக்குப் போடுவதற்காகத் தென்னை நார்த்தூளை ஒரு பெரிய தட்டில் மேடம் காயவைத்திருந்தார்.

“கைப்பிடிச் சுவர்ல கை வை.”

வைத்தார். உடனே எடுத்தார்.

“சுடுது.”

“இதுல?”

தூளில் விரல்களைப் புதைத்தார்.

“ஜில்லுன்னு இருக்கு.”

“மத்தியானம் வந்திருக்கணும் நீ. சுவரைக்கூடத் தொட்டுடலாம், இதைத் தொட முடியாது.”

தணிகைவேல் கையை எடுக்கவில்லை. பகலில் அதிகச் சூடு. வெயில் போனதும் அதிகக் குளிர்.

தூளை ஒரு பிடி அள்ளி விரலிடுக்கில் உதிரவிட்டார்.

“வால்வெள்ளியைச் சுவரா ஆக்கிட்டேன்.”

“யாரு?”

“நான்தான். ஆனா மேடம், நீங்க யோசிக்காம அந்த எண்ணைப் போட்டிருக்க மாட்டீங்க.”

“கட்டத்தைக் காலியா விட்டா ஓடமாட்டேன்னுச்சு. எனக்குக் கடைசி பஸ். ஏதோ ஒண்ணைத் தட்டினேன். அப்புறமா மாத்திக்கோன்னு சொல்லிட்டுத்தானே போனேன்?”

சொன்னாரா? தணிகைவேலுக்கு அன்றைய சாத்துக்குடி வாசனைகூட நினைவிருந்தது. அது நினைவில்லை.

சுவரில் சாய்ந்துகொண்டார். சட்டையைத் தாண்டி முதுகில் சூடு ஏறியது. நகரவில்லை.

“என் மாணவர்களுக்கெல்லாம் அதையே கொடுத்திருக்கேன் மேடம். ஜெபசீலி எண்ணுன்னு பேரே வச்சாச்சு.”

“அடப்பாவி!”

மேடத்துக்குச் சிரிப்பில் புரையேறியது. தலையில் தட்டிக்கொண்டே படியிறங்கினார்.

கீழே லேப்டாப் திறந்தபடியே இருந்தது. தணிகைவேல் அதன் முன் உட்கார்ந்து, அந்த எண்ணை ஒவ்வோர் இலக்கமாக அழித்தார். கட்டத்தின் ஓரம் சிவப்பாக மாறியது.

“நீங்களே ஒண்ணு சொல்லுங்க மேடம்.”

“மறுபடியுமா?”

“காலியா இருக்கு.”

“அன்னைக்கும் அப்படித்தான் இருந்தது.”

தணிகைவேலின் விரல்களில் நார்த்தூள் ஒட்டியிருந்தது. கீபோர்டில் பட்டுவிடுமே என்று, பழைய பயத்தில், எழுந்து வராந்தாப் பக்கம் திரும்பினார்.

“துடைக்காதே. அந்தக் கையோடவே நீயே போடு,” என்றார் மேடம்.