முட்டையோடு மேடேறிய எறும்புகள்

அந்தக் காலத்தில் எறும்புகளும் பேசும். அதிலும் குறுணி என்ற எறும்பு கொஞ்சம் கூடுதலாகவே பேசுவாள். முட்டைகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. யாரிடமாவது நியாயம் கேட்பது அவள் பொழுதுபோக்கு.

எறும்புகள் அப்போது ஏரிக்கரை மேட்டில் குடியிருந்தன. மூன்று வருடம் மழை பொய்த்து ஏரி வெடித்துக் கிடந்த சமயம், கரைக்கு மணியக்காரரான பெருச்சாளிக்கு அந்த மேட்டின் மேல் கண் விழுந்தது. அவருடைய மச்சான்மார் குடும்பத்தோடு வந்து இறங்கியிருந்தார்கள்.

"ஏரி செத்துப்போச்சு. இனிமே தண்ணிங்கிற பேச்சே இல்லை. உள்ள மண்ணு மாவு மாதிரி இருக்கு, போய்ப் புற்று போட்டுக்கங்க" என்றார் பெருச்சாளி. கணக்கர் ஓணான் தலையை ஆட்டினார்.

"தண்ணி வந்தா?" என்று குறுணி கேட்டாள்.

"நல்ல காரியம் நடக்கும்போது இந்தப் பொடிசு வாயை யாராவது மூடுங்கப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். குறுணியின் அக்காளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஏரிக்குள் இறங்கினார்கள்.

நாலாம் வருடம் ஐப்பசியில், முட்டைகளைப் புரட்டிப் போடும்போது குறுணியின் காலில் அடிமண் ஒட்டியது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஆனாலும் ஈரம். அவள் மேட்டுக்கு ஓடினாள்.

"மணியக்காரரே, எங்க பழைய இடத்தைத் திருப்பிக் கொடுங்க. முட்டையெல்லாம் கீழ கிடக்கு."

"ஒருத்தி வந்து கேட்டா ஆச்சா? ஊரே வரட்டும். வரிசையா நில்லுங்க. வரிசையை விட்டவங்களுக்கு இடம் கிடையாது."

ஊரே வந்து நின்றது. பெருச்சாளி ஒவ்வொருவரிடமும் பேர் என்ன, எந்தப் புற்று, அம்மா பேர் என்ன என்று விசாரித்தார். எறும்புகள் அத்தனைக்கும் ஒரே அம்மா என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தே கேட்டார். முதல் நாள் இருபது பேரோடு விசாரணை முடிந்தது.

மறுநாள் காலை மேற்கே கருத்தது. குறுணி கீழே போகத் திரும்பினாள். "இடம் போயிடும்டி, பேசாம நில்லு" என்று அக்காள் அவள் காலைப் பிடித்து இழுத்தாள்.

உச்சிப்பொழுதில் வாய்க்கால் வழியாக வெள்ளம் வந்தது. தாழ்வில் இருந்த புற்றுகள் ஒரே மூச்சில் கரைந்தன. வரிசையில் நின்றபடியே எல்லோரும் பார்த்தார்கள். முட்டைகள் அரிசி மாதிரி மிதந்து போயின. அக்காள் காவல் காத்த முட்டைகளும் அவற்றில் இருந்தன.

"ஏரிக்குள்ள போய் யாராவது வீடு கட்டுவாங்களா? அறிவு வேண்டாமா?" என்றார் பெருச்சாளி. ஓணான் தலையை ஆட்டினார்.

குறுணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "கட்டச் சொன்னது யாரு?"

"நானா சொன்னேன்? சாட்சி இருக்கா?"

குறுணி ஓணானைப் பார்த்தாள். அவர் அதற்கும் தலையை ஆட்டினார். சாட்சி இருக்கிறது என்றா, இல்லை என்றா? அதை அவர் கடைசிவரை சொல்லவில்லை.

அவளிடம் இன்னும் ஏழு கேள்விகள் இருந்தன. ஏழும் சரியான கேள்விகள். ஆனால் எஞ்சிய புற்றுகளுக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கேட்கக் கேட்க இவர் பேச்சை வளர்ப்பார், அதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று அவளுக்குப் புரிந்தது.

அவள் வரிசையை விட்டு விலகினாள்.

"உன் இடம் போச்சு" என்றார் பெருச்சாளி.

குறுணி இறங்கினாள். ஒரு முட்டையைக் கவ்விக்கொண்டு மேலே ஏறினாள். அக்காள் பார்த்தாள், அவளும் இறங்கினாள். பிறகு நின்ற வரிசை நின்றபடியே திரும்பி இறங்கி, ஆளுக்கொரு முட்டையோடு ஏறியது. மச்சான்மார் வாசலைத் தாண்டி நேரே பழைய மேட்டுக்குள் நுழைந்தது.

"யாரைக் கேட்டு ஏறுறீங்க?" பெருச்சாளி கத்தினார்.

பதில் குறுணியின் நாக்கு நுனியில் இருந்தது. வாயைத் திறந்தால் முட்டை விழும். அவள் திறக்கவில்லை.

அன்று முதல்தான் எறும்புகள் பேசுவதில்லை. மழைக்கு முன்பே முட்டையைக் கவ்விக்கொண்டு வரிசையாக மேடேறிவிடுகின்றன, யாரிடமும் இடம் கேட்பதில்லை.