ஏப்பம் விட்டால்தான் இலை

இந்தக் கதையை நான் எங்கும் படிக்கவில்லை. கல்லூரியில் உதவித்தொகைப் பிரிவின் ஜன்னல் முன்னால் வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற ஓர் அக்கா சொன்னது. அவருக்கு யார் சொன்னார்கள் என்று அவருக்கே நினைவில்லை. அதனால் ராஜாவின் பெயரும் ஊரும் சற்று முன்பின் இருக்கலாம். வரிசை நகரவில்லை; கதையை மட்டும் முழுதாகக் கேட்க முடிந்தது.

நெடும்பாறைச் சீமையின் ராஜா சொக்கேந்திரர் ஒரு வைத்தியக் கல்விச்சாலை கட்டினார். "பணம் இல்லை என்று எந்தப் பிள்ளையும் திரும்பிப் போகக் கூடாது. மானியம் உண்டு. வேலை பார்த்துக்கொண்டே படிக்கவும் வழி உண்டு" என்று ஊரெங்கும் பறையறைவித்தார். அதைக் கவனிக்க விசாகமூர்த்தி என்பவரைக் காரியஸ்தராகப் போட்டார். விசாகமூர்த்தி ஒவ்வொரு மாதமும் சபையில் எழுந்து, "மானியப் பணத்தில் ஒரு காசு குறையவில்லை, மகாராஜா" என்பார். மந்திரிகள் கைதட்டுவார்கள்.

சுண்ணாம்புக் காளவாய்க்காரரின் மகள் மாடத்தி, கல்விச்சாலையின் தேர்வில் முதலாவதாக வந்திருந்தாள். மறுநாள் பொழுது சாய்வதற்குள் சேராவிட்டால் இடம் இன்னொருவருக்குப் போய்விடும். காரியஸ்தரிடம் போய் நின்றாள்.

"மானியமா? தாராளமா உண்டு," என்றார் அவர். "முதல்ல முழுக் கட்டணத்தையும் கட்டு. கட்டினதுக்குச் சீட்டு காட்டு. வருஷக் கடைசியில திருப்பித் தருவோம்."

"கட்டப் பணம் இருந்தா நான் ஏன்யா மானியம் கேட்கிறேன்?"

"கட்ட முடியாதவங்களுக்கெல்லாம் கொடுத்தா மானியம் என்னத்துக்கு ஆகும்?"

"சரிய்யா. வேலை பார்த்துப் படிக்கிறேன்."

"பேஷா! மூலிகை இடிக்க ஆள் வேணும். பாடம் தொடங்கும்போது உலக்கையை எடுக்கணும். பாடம் முடிஞ்சதும் கீழே வெச்சுடலாம்."

"அப்போ பாடத்தை எப்போய்யா கேட்கிறது?"

"பாடம் இல்லாத நேரத்துல சாலையைப் பூட்டிடுவோம். பூட்டின கட்டடத்துல உனக்கென்ன வேலை? இடிக்கும்போது காதுல விழுறதைக் கேட்டுக்கோ."

மாடத்தி அங்கிருந்து அரண்மனைச் சமையல்கட்டுக்குப் போனாள். மறுநாள் ராஜாவின் பிறந்தநாள் விருந்து. தாம்பூலத்துக்குச் சுண்ணாம்பு கொடுக்க வேண்டியிருந்தது. அங்கே பந்தி விசாரிப்பவர் ஆவுடையப்பன். விகடம் பேசுவார் என்பதற்காக ராஜா அவரைச் சபையிலும் உட்கார வைத்திருந்தார்.

"சுண்ணாம்பு இவ்வளவு வெள்ளையா இருக்கு. உன் முகம் ஏம்மா கறுத்திருக்கு?"

அவள் நடந்ததைச் சொன்னாள். "நாளைச் சாயங்காலம் வரைக்கும்தான்யா எனக்கு நேரம்."

"பந்தி மத்தியானமே முடிஞ்சுடும். நீ வெற்றிலை மடிக்க வந்துடு," என்றார் ஆவுடையப்பன். "காரியஸ்தரை நானே உபசரிக்கிறேன்."

விசாகமூர்த்தி விருந்து என்றால் காலையிலிருந்தே வயிற்றைக் காயப்போடுகிற ரகம். மறுநாள் நெய் வாசனை பிடித்துக்கொண்டு வந்தவரை, கூடத்து வாசலில் ஆவுடையப்பன் மறித்தார்.

"வாங்க, வாங்க! வீட்டுல சாப்பிட்டாச்சா?"

"விருந்துக்கு வர்றவன் சாப்பிட்டுட்டா வருவான்?"

"அடடா, உங்களுக்குன்னு புது ஏற்பாடு ஆச்சே. முதல்ல வீட்டுல வயிறாரச் சாப்பிடணும். இங்க வந்து ஒரு ஏப்பம் விட்டுக் காட்டணும். அப்புறம்தான் இலை."

"விளையாடாதீங்க. குடல் காயுது."

"அப்போ ரெண்டாவது வழி இருக்கு. வேலை பார்த்துக்கிட்டே சாப்பிடலாம். ராஜாவுக்கு விசிறணும். அவர் கை நனைக்கும்போது விசிறியை எடுங்க. அவர் இலையை மடிச்சதும் வெச்சுடலாம்."

ராஜாவுக்கு விசிறுவது பெருமைதான் என்று காரியஸ்தர் விசிறியை வாங்கிக்கொண்டார். அந்த அரண்மனையில் ராஜா இலையை மடித்தால் பந்தியே எழுந்துவிட வேண்டும் என்பதைப் பசியில் மறந்துவிட்டார்.

பருப்பு வந்தது. சாம்பார் வந்தது. வடை வந்தபோது விசிறி ராஜாவின் காதில் இடித்தது. பாயசம் வந்தபோது தலைப்பாகையைத் தட்டிவிட்டது.

"என்னய்யா விசிறுகிறீர்!" என்று திரும்பினார் ராஜா. "முகம் வேறு பேயறைந்த மாதிரி இருக்கிறது."

"பசி, மகாராஜா!" காரியஸ்தர் கிட்டத்தட்ட அழுதுவிட்டார். "சாப்பிட்டுட்டு வந்தாத்தான் சோறாம். இல்லேன்னா மத்தவங்க சாப்பிடும்போது விசிறணுமாம். பசிச்சவனுக்கு இப்படியொரு விதியா? இதைப் போட்டவன் மடையனா இருக்கணும், இல்லேன்னா சோறு போட மனசில்லாதவனா இருக்கணும்!"

கூடம் முழுக்கச் சிரித்தது. ராஜாவும் சிரித்தார். "ஆவுடையப்பா, யார் போட்ட விதி இது?"

"கல்விச்சாலை மானிய விதிதான், மகாராஜா. நான் கட்டணத்தை எடுத்துட்டுச் சோத்தை வெச்சேன், அவ்வளவுதான். அதோ, வெற்றிலை மடிக்கிற அந்தப் பொண்ணு தேர்வுல முதலாவது. முதல்ல கட்டணத்தைக் கட்டு, இல்லேன்னா பாட நேரத்துல உலக்கை பிடின்னு நேத்து அவளை அனுப்பிட்டாங்க. இன்னிக்குப் பொழுது சாய்ஞ்சா அவ இடமும் போயிடும்."

ராஜாவின் முகம் மாறியது. "அந்த மடையன் யார்? இப்போதே சொல்!"

ஆவுடையப்பன் குனிந்து வணங்கினார்.

"விதியை எழுதினவர் விசிறியோட நிற்கிறார், மகாராஜா. அதுக்கு முத்திரை போட்டவர் பாயசம் குடிச்சுக்கிட்டிருக்கிறார்."

ராஜாவுக்குப் புரையேறியது. இருமி முடித்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். மானியத்தை முதலிலேயே கொடுக்கவும், வேலையைப் பாடம் முடிந்த பிறகு வைக்கவும் அங்கேயே உத்தரவானது. வெயில் இறங்கும் முன் மாடத்தி கல்விச்சாலையில் சேர்ந்துவிட்டாள். ஆவுடையப்பனுக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது.

காரியஸ்தரை அன்றே வேலையை விட்டு நீக்கினார்கள் என்று அந்த அக்கா கதையை முடித்தார். எனக்கு அது மட்டும் உறுத்தியது. அந்தக் கதை வழங்கும் ஊர்ப் பக்கத்தைச் சேர்ந்த ஒருவரிடம் பிறகு விசாரித்தேன். நீக்கவில்லையாம். பஞ்ச நிவாரணத்துக்கு மாற்றினார்களாம்.